பையனுக்காக அப்பா சொன்ன பொய்

ஒரு கொடூரமான செய்தி வந்த மறுநாள் எங்கள் ஆசிரியர் அறையில் பேச்சு எப்படிப் போகும் என்பது எனக்குப் பழகிவிட்டது. பெரும்பாலும் ஒரு சிறுமியோ இளம்பெண்ணோ சீரழிக்கப்பட்ட செய்தியாக இருக்கும். யாராவது ஒருவர் செய்தித்தாளை மடித்து மேசையில் போட்டுவிட்டு, "இவனையெல்லாம் நடுரோட்டுல நிக்க வச்சு சுடணும் சார்" என்பார். இன்னொருவர் அரபு நாடுகளைப் பற்றிச் சொல்வார். அங்கே கையை வெட்டுகிறார்கள், தலையை வெட்டுகிறார்கள், அதனால் ஒருத்தனுக்கும் தப்பு செய்யத் துணிச்சல் வருவதில்லை என்பார். பெண் பிள்ளைகளைப் பெற்ற ஆசிரியைகள் அதிகம் பேசமாட்டார்கள். பேசினால் அந்தக் குரலில் கோபத்தைவிட பயம்தான் அதிகம் இருக்கும். 2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே, ஒரு பெண் மருத்துவரைச் சீரழித்துக் கொன்றதாகக் கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற காலையில் எங்கள் அறைக்கு இனிப்பு வந்தது. அது மோதலே அல்ல, கொல்ல வேண்டும் என்றே சுட்டிருக்கிறார்கள் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல் சொன்னபோது அதே அறையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தக் கோபத்தைச் சிறுமைப்படுத்த நான் இதை எழுதவில்லை. எனக்கும் அது உண்டு. பாதிக்கப்பட்டது நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வயதில் ஒரு பிள்ளை என்றால் யாருக்குத்தான் வராது? ஆனால் தண்டனையைக் கூட்டிக்கொண்டே போனால் குற்றம் குறைந்துகொண்டே வரும் என்று சொல்லும்போது மட்டும் எனக்கு அது மனதில் ஒட்டுவதே இல்லை. எங்கே இடிக்கிறது என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. மனித உரிமை, நாகரிகம் என்று ஆரம்பித்தால் அந்த அறையில் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். பல வருடங்கள் பேசாமல் தேநீரைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறேன். போன வருடம் நடந்த ஒரு விபத்துக்குப் பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அதில் கொலையும் இல்லை, கொடூரமும் இல்லை. அதனால்தான் பிடிபட்டது என்று நினைக்கிறேன். எல்லோரும் நல்லவர்களாக இருந்த ஒரு விவகாரம் அது.

காலை ஐந்தரை மணி டியூஷன்

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நான் சொல்லப்போகும் பையன் என் வகுப்பு மாணவன். ஆட்களை அடையாளம் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவனுக்கு அப்போது 16 வயது. விடிகாலை ஐந்தரைக்கு இயற்பியல் டியூஷன். அந்த நேரத்துக்கு அவன் தெருவிலிருந்து டவுன் பஸ் கிடையாது. அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கடையடைத்து, கணக்கு முடித்து, படுக்கப் பன்னிரண்டு ஆகும். மகனைக் கொண்டுபோய் விட ஐந்து மணிக்கு எழுந்திருக்க அவரால் முடியாது. சைக்கிளில் போகச் சொல்லலாம்தான். ஆனால் அந்த டியூஷனுக்கு சைக்கிளில் வரும் பையன் ஒருவன்கூட இல்லை. அப்பாவின் 125 சிசி வண்டிச் சாவி ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கும். எடுத்துக்கொண்டு போவான். வீட்டில் யாரும் அதை அனுமதி என்று நினைக்கவில்லை, குற்றம் என்றும் நினைக்கவில்லை. எங்கள் ஊரில் ப்ளஸ் ஒன் சேர்ந்த பையன் வண்டி ஓட்டுவது மீசை முளைப்பதுபோல வயதோடு தானாக நடக்கும் ஒன்று.

சட்டப்படி 16 வயதில் 50 சிசி வரைக்கும் உள்ள வண்டிக்கு லைசென்ஸ் எடுக்கலாம். இன்றைக்கு அப்படி ஒரு வண்டியை யார் விற்கிறார்கள்? பால்காரர் ஓட்டும் எக்ஸெல்கூட இப்போது 100 சிசி. ஆக, வாசலில் நிற்கும் எந்த வண்டியை எடுத்தாலும் அந்தப் பையன் சட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறான்.

மார்கழி மாதம். பனி இறங்கிய ஒரு காலையில், பேருந்து நிலையத்துக்கு முன்னால் உள்ள திருப்பத்தில், நிலக்கோட்டைச் சந்தையில் பூ எடுத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி ரோட்டைக் கடந்த ஒரு பூக்காரம்மா மேல் மோதிவிட்டான். அறுபதைத் தாண்டியவர். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவன் ஓடவில்லை. டீக்கடைக்காரரும் அவனுமாக அந்த அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சிதறிய பூவை வாரிப் பையில் போட்டு அதையும் கொண்டுபோய் அவர் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறான். அப்பா வரும்வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

அப்பா வந்ததும் முதல் வேலையாகப் பையனை வீட்டுக்கு அனுப்பினார். பிறகு ஸ்டேஷனுக்குப் போனார். வண்டியை ஓட்டியது நான்தான் என்று எழுதிக் கொடுத்தார்.

அப்பா போட்ட கணக்கு

பையன் பள்ளிக்கு வரவில்லை என்று நான் போன் செய்தபோது அவரே நேரில் வந்தார். வகுப்பறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசினோம். "உங்ககிட்ட மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று எல்லாவற்றையும் சொன்னார். சட்டைப்பையிலிருந்து ஒரு கடை பில்லை எடுத்துக் காட்டினார். அதன் பின்பக்கத்தில் பேனாவால் இரண்டு பத்தி எழுதியிருந்தது. உறவுக்காரர் ஒருவர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாராம்.

இடதுபக்கம் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 199ஏ பிரிவு. பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவரோ வண்டிக்காரரோதான் குற்றவாளி. மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. பையன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனி அந்த அம்மாவுக்கு நஷ்டஈடு கொடுத்தாலும் பின்னால் இவரிடமிருந்து வசூலிக்கும். வலதுபக்கம் அப்பா ஓட்டியதாகச் சொன்னால் என்ன ஆகும் என்பது. அஜாக்கிரதையாக ஓட்டியது, கொடுங்காயம் ஏற்படுத்தியது, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் இரண்டு பிரிவுகள். லைசென்ஸ் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது. கோர்ட்டில் ஒப்புக்கொண்டால் அநேகமாக அபராதத்தோடு போய்விடும். பாட்டியின் நஷ்டஈட்டைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

"நீங்களே சொல்லுங்க சார், எந்தப் பக்கம் போறது?" என்றார்.

நான் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றுதான் சொன்னேன். அந்தப் பிரிவிலேயே, எனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முயன்றேன் என்றோ நிரூபித்தால் பெற்றவர் தப்பிக்க வழி இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "தெரியும்னுதானே சார் எல்லாருக்கும் தெரியும்?" என்றார். பிறகு அவர் சொன்னது இன்றுவரைக்கும் என்னை விடாமல் சுற்றுகிறது. "எம் பையன் பண்ணதுக்கு நான் பொறுப்பு ஏத்துக்கிட்டேன். ஒரு அப்பன் வேற என்ன சார் செய்யணும்?"

அவர் நல்ல மனிதர். கடையில் எடைக்கல் குறையாது. கோயில் அன்னதானத்துக்கு மாதாமாதம் அரிசி கொடுக்கிறார். அந்த அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பைசா பாக்கி வைக்கவில்லை. மகனுக்காகத் தன் பெயரில் வழக்கு வாங்கிக்கொள்வது தியாகம் என்றே நினைக்கிறார். ஆனால் இரண்டு பேரின் பொறுப்பு அங்கே கலந்துபோயிருந்தது. சாவியை ஃப்ரிட்ஜ் மேல் போட்டு வைத்தது அவர் பொறுப்பு. திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காதது பையனின் பொறுப்பு. தன்னுடையதைப் பற்றிப் பேச்சே எழாமல் பையனுடையதை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். பையனுக்கு மிஞ்சியது ஒரு பொய். யார் கேட்டாலும், டியூஷன் வாத்தியார் கேட்டாலும், அத்தை கேட்டாலும், "அப்பாதான் ஓட்டினாரு, நான் பின்னாடி உக்காந்திருந்தேன்" என்று சொல்ல வேண்டும். பள்ளிக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றான். "சார், அந்தப் பாட்டியைப் போய்ப் பாத்துட்டு வரலாமா? கேஸ் முடியிற வரைக்கும் அந்தப் பக்கமே போகக்கூடாதுன்னு அப்பா சொல்றாரு."

பையன் போக முடியாததால் நான் போனேன். வீட்டுத் திண்ணையில், கால்மாட்டில் வாக்கரை வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே பூக் கட்டிக்கொண்டிருந்தார். மோதியது பையன்தான் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆட்டோவில் அவன் மடியில்தானே தலை வைத்துப் படுத்திருந்தார். போலீஸ் வந்து கேட்டபோது, மயக்கமாக இருந்தது, யார் என்று பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். "எம் பேரன் வயசு சார் அவனுக்கு. நான் வாயத் தொறந்தா அப்பன உள்ள வச்சிருவாங்களாம்ல. அந்தக் குடும்பம் என்னாகும்? எனக்கு அந்தப் பாவம் வேணாம்" என்றார். நூலை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னார். "ஆனா ஒரு தடவ வந்து எட்டிப் பாத்திருக்கலாம். அந்தப் புள்ளைக்கு மனசில்லாம இருக்காது, எனக்குத் தெரியும்."

ஆசிரியர் அறையில் பல வருடங்களாக என்னால் சொல்ல முடியாமல் இருந்தது என்ன என்று அந்தத் திண்ணையில்தான் எனக்கு விளங்கியது. அப்பா, உறவுக்காரர், கேட்டும் கேட்காததுபோல எழுதிக்கொண்ட போலீஸ்காரர், கடைசியில் காயம் பட்ட அந்த அம்மா, அத்தனை பேரும் ஒரே பொய்யைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் காசுக்காகச் செய்யவில்லை. தண்டனை அவ்வளவு பெரியதாக இருந்ததால் செய்தார்கள். இரண்டு மாதம் வண்டியைப் பிடித்து வைத்து, பையனை வாராவாரம் விபத்துப் பிரிவில் ஸ்ட்ரெச்சர் தள்ள விட்டு, அந்த அம்மா நடக்கும்வரை அவன் சந்தைக்குப் போய்ப் பூ எடுத்து வர வேண்டும் என்று சொல்லியிருந்தால், அந்த அம்மாவே வாய் திறந்திருப்பார். அப்பாவும் அவ்வளவு யோசித்திருக்கமாட்டார்.

39 ஷில்லிங்

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு இருந்தது. ஒரு வீட்டுக்குள்ளிருந்து 40 ஷில்லிங் பெறுமானத்துக்குத் திருடினாலே தூக்கு. என்ன நடந்தது தெரியுமா? ஜூரியில் உட்கார்ந்தவர்கள், திருடுபோன பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று தீர்ப்பெழுத ஆரம்பித்தார்கள். ஒரு வேலைக்காரப் பெண்ணைத் தூக்கில் ஏற்றும் பாவத்தைச் சுமக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. கள்ளக் கையெழுத்துக்கும் தூக்கு என்று இருந்த காலத்தில், அதனால் நேரடியாக நஷ்டப்பட்ட வங்கிக்காரர்களே 1830-இல் அந்தத் தண்டனையை நீக்குங்கள் என்று பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். கருணையால் இல்லை. தூக்கு என்பதால் சாட்சி சொல்ல ஆள் வருவதில்லை, ஜூரி தண்டிப்பதில்லை, மோசடிக்காரன் சிரித்துக்கொண்டு வெளியே போகிறான் என்பதால். இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-இலேயே சொன்னதுதான் இது: தண்டனை எவ்வளவு கொடியது என்பதைவிட அது தவறாமல் வரும் என்ற நிச்சயம்தான் ஆளைத் தடுக்கும்.

பெக்காரியா சொன்னதை நான் முன்பே படித்திருக்கிறேன். கடுமை, நிச்சயம் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாமே என்றுதான் அப்போது தோன்றியது. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைந்துபோகும் என்பது எனக்கு அந்தக் கடை பில்லைப் பார்த்த பிறகே உறைத்தது.

புனேயை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே 19 அதிகாலை, 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி ஐடி வேலை பார்த்த இளம்பெண்ணும் இளைஞரும் செத்துப்போனார்கள். விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்று நிபந்தனை போட்டு அன்றைக்கே ஜாமீன் கொடுத்தார்கள். நாடு கொதித்தது, சரியாகவே கொதித்தது. அதன் பிறகு வெளிவந்தது என்ன? பையனின் ரத்த மாதிரியை எடுத்துவிட்டு அம்மாவின் ரத்தத்தை வைத்தார்கள் என்று குற்றச்சாட்டு. வீட்டு டிரைவரைப் பழியை ஏற்றுக்கொள்ளச் சொல்லி அடைத்து வைத்ததாகத் தாத்தா மேல் குற்றச்சாட்டு. அப்பா கைது, அம்மா கைது, அரசு மருத்துவர்கள் கைது. 199ஏ பிரிவு சட்டப் புத்தகத்தில் ஏறி அப்போது ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் ஹார்டுவேர் கடைக்காரர் எழுத்தால் சொன்ன பொய்யை அங்கே பணம் இருந்த குடும்பம் ரத்தத்தாலும் ஆளாலும் சொல்லப் பார்த்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். அங்கே இரண்டு உயிர் போயிருக்கிறது. ஆனால் பெற்றவர்களின் மனம் ஓடிய பாதை ஒன்றுதான்.

2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 17,884 பேர். அபராதத்தையெல்லாம் பல மடங்காக்கிய சட்டத் திருத்தத்துக்கு மூன்று வருடம் கழித்து வந்த கணக்கு இது. என் வகுப்புப் பையன்களிடம் 199ஏ பற்றிக் கேட்டுப் பார்த்தேன். ஒருவனுக்கும் தெரியவில்லை. ஆனால் எந்த முக்கில் எத்தனை மணிக்கு செக்கிங் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்கள். விடிகாலை ஐந்தரைக்கு எந்த முக்கிலும் யாரும் நிற்பதில்லை என்பதும் தெரியும். அந்த வயதுப் பிள்ளையைத் தடுப்பது தண்டனையின் அளவு என்றால் முதலில் அவன் அதைக் கேள்விப்பட்டிருக்க வேண்டாமா? இன்றைக்குப் பிடிபடுவேனா என்ற ஒரே கேள்விதான் அவன் மனதில் இருக்கிறது.

"கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்"

இந்த வாக்கியத்தைக் கேட்காத ஆசிரியர் தமிழ்நாட்டில் இருக்கமாட்டார். அந்த ஹார்டுவேர் கடைக்காரரும் ப்ளஸ் ஒன் சேர்க்கையன்று என்னிடம் அதைச் சொன்னார். மனதாரத்தான் சொன்னார். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்துவிட்டது என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் ஏற்கமாட்டார். பிரம்பைப் பிடுங்கினதுதான் இன்றைய சீரழிவுக்குக் காரணம் என்று என் சக ஆசிரியர்களிலேயே பாதிப் பேர் நம்புகிறார்கள்.

நான் பிரம்பு இருந்த காலத்தில் படித்தவன். எங்கள் பள்ளியில் ஒரு ஆசிரியர் இருந்தார். அடித்தால் கை வீங்கிவிடும். ஆனால் எப்போது அடிப்பார் என்று சொல்ல முடியாது. அவர் மனநிலையைப் பொறுத்தது. அதனால் அவர் வகுப்பில் நாங்கள் கற்றுக்கொண்டது அவர் முகத்தைப் படிப்பது, பின்பெஞ்சில் மறைவது, பக்கத்தில் இருப்பவனைக் காட்டிக் கொடுப்பது. கணக்கு ஆசிரியர் பிரம்பைத் தொட்டதே இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் நோட்டையும் பார்ப்பார். வீட்டுக் கணக்குப் போடவில்லை என்றால் சாயங்காலம் உட்கார்ந்து போட்டுக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அவரும் கூடவே உட்கார்ந்திருப்பார். தலைமையாசிரியர் மகனுக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான். அவர் வகுப்பில் நோட்டு எழுதாமல் போனவன் கிடையாது. அடி வாங்கிய வகுப்பில் பாதிப் பேர் எழுதமாட்டோம்.

வளர்ப்பு என்று நாம் சொல்வதும் அந்தக் கணக்கு ஆசிரியர் செய்தது போன்ற ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன். சின்னத் தப்புக்குச் சின்ன விளைவு, அன்றைக்கே, தவறாமல், கூடவே உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர். அது நேரம் கேட்கும் வேலை. இரவு பன்னிரண்டுக்குப் படுக்கும் அப்பாவிடம் இல்லாதது அந்த நேரம்தான். அதனால்தான் தோலை உரிக்கும் உரிமையைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். நாட்டு மக்களாக நாமும் சட்டமன்றத்திடமும் நாடாளுமன்றத்திடமும் அதையேதான் சொல்லிவிட்டு வருகிறோம். ஐந்தரை மணிக்கு முக்கில் நிற்க ஆள் போடுவது செலவு. சட்டத்தில் மூன்று வருடம் என்று அச்சடிக்க ஒரு செலவும் இல்லை.

வீட்டுக்குள்ளேயே இருப்பவன்

வண்டி விஷயம் வேறு, பிள்ளைகளைச் சிதைப்பவன் விஷயம் வேறு என்று என் நண்பர்கள் சொல்வார்கள். குற்றத்தின் கனத்தில் ஒப்பே கிடையாது, சரி. ஆனால் வாய் மூடிக்கொள்ளும் விதத்தில் இரண்டும் ஒன்று, அங்கே இன்னும் மோசம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடாவருடம் சொல்லிவருகிறது: பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர். நடுரோட்டில் நிறுத்திச் சுட வேண்டும் என்று சொல்லும்போது நம் மனதில் இருப்பது முகம் தெரியாத ஒரு மிருகம். புகார் கொடுக்கும் பிள்ளையின் மனதில் இருப்பது சித்தப்பாவின் முகம்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டத்தை 2019-இல் திருத்தி, மிகக் கொடிய வகைக் குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனையை 10 வருடத்திலிருந்து 20 வருடமாக்கி, மரண தண்டனையையும் சேர்த்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு சிறுமி தன் ஆசிரியையிடம் வாய் திறந்தாள். ஆசிரியர் மறைத்தால் ஆசிரியருக்கே தண்டனை உண்டு, அதனால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லி வழக்கும் பதிவாயிற்று. ஆனால் வீட்டில் அப்பத்தா சாப்பிடமாட்டேன் என்று படுத்துக்கொண்டார். "எம் புள்ளையத் தூக்குல போடப் போறாங்களாம், நீ சொன்ன ஒரு வார்த்தையால" என்று அந்தச் சின்னப் பிள்ளையிடம் அழுதார். அந்தப் பிள்ளை கோர்ட்டில் எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லிவிட்டது. ஆள் வெளியே வந்துவிட்டான். அதே தெருவில்தான் இருக்கிறான். மரண தண்டனை யாரைப் பயமுறுத்தியது என்று கேட்டால், பேசத் துணிந்த ஒரே ஆளைத்தான்.

2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி வர்மா குழு, நாடே தூக்குத் தூக்கு என்று கத்திக்கொண்டிருந்தபோது, 29 நாளில் கொடுத்த அறிக்கையில் வன்புணர்வுக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. சிறார் வயதை 18-லிருந்து குறைக்கவும் சொல்லவில்லை. போலீஸ் புகாரை வாங்க மறுத்தால் அந்தப் போலீஸைத் தண்டியுங்கள் என்றது, மருத்துவப் பரிசோதனை முறையை மாற்றுங்கள் என்றது. அதில் சிலது சட்டமானது. மக்கள் நினைவில் நின்றது 2020 மார்ச் 20 அன்று திகாரில் நடந்த தூக்குதான்.

தண்டனையே வேண்டாம் என்பவன் இல்லை நான். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாளில் எனக்குத் தொண்டை அடைத்தது. 2019-இல் முதலில் துணிந்து புகார் கொடுத்த பெண்ணின் அடையாளமே வெளியே விடப்பட்டது. அதற்குப் பிறகும் சில பெண்கள் முன்வந்தார்கள், அவர்கள் அடையாளம் காக்கப்பட்டது, மூடிய அறையில் சாட்சி சொன்னார்கள், சாட்சிகள் யாரும் பிறழவில்லை. அந்த வழக்கை ஜெயிக்க வைத்தது அதுதான். தண்டனை எத்தனை வருடம் என்பது கடைசி நாளில் எழுதப்பட்டது. அதற்கு முந்தைய ஆறு வருடத்தைப் பற்றி நாம் ஆசிரியர் அறையில் பேசியதே இல்லை.

பள்ளி வாசலில்

விபத்துக்குப் பிறகு பெற்றோர் கூட்டத்தில் வண்டி விஷயத்தை எடுத்தேன். எடுத்தவுடனே ஒரு அப்பா எழுந்து, "ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். பள்ளிக்கு எந்தப் பையன் வண்டியில் வந்தாலும் சாவி அலுவலகத்தில் இருக்கும், அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், பையன் அன்றைக்கு நடந்து போக வேண்டும் என்றேன். அவ்வளவுதானா என்பதுபோலப் பார்த்தார்கள். ஆனால் கடையைப் பூட்டிவிட்டு, மில்லில் பெர்மிஷன் போட்டு, சாயங்காலம் நாலரைக்கு வந்து நிற்பது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு அம்மா என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அடுத்த வாரம் அவர் மகன் பக்கத்து வீட்டுப் பையனோடு சைக்கிளில் வந்தான். டியூஷன் நடத்துபவர்களிடமும் பேசியிருக்கிறோம். ஒருவர் நேரத்தை ஆறரைக்கு மாற்றிவிட்டார், அந்த நேரத்துக்கு டவுன் பஸ் இருக்கிறது. இன்னொருவர் இன்னும் பிடி கொடுக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பையன்கள் வண்டியைப் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரி வாசலில் விட்டுவிட்டு நடந்து வர ஆரம்பித்தார்கள். எங்கள் பிஇடி சார் அதைக் கண்டுபிடித்துவிட்டார். நடுரோட்டில் சுட வேண்டும் என்று எப்போதும் முதலில் சொல்பவர் அவர்தான். இப்போது தினமும் காலை எட்டே முக்காலுக்குப் பேக்கரி முன்னால் போய் நின்று, வரும் சாவிகளை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருகிறார். ஒருநாளும் தவறுவதில்லை. என் வகுப்புப் பையனின் அப்பாவிடம் நான் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். அபராதம் கட்டி வழக்கு முடிந்துவிட்டது. நஷ்டஈட்டு மனு நடந்துகொண்டிருக்கிறது. அது முடியட்டும் சார் என்கிறார்.